பிரசவ அறைக்குள் பாட்டிக்கு இடமுண்டா?

நிறைமாதப் பெண் இருக்கும் வீட்டில் நள்ளிரவில் வலி கண்டால், 108-க்குப் போன் போகும் முன்பே அடுப்பில் சீரகத் தண்ணீர் ஏறிவிடும். 'குடிச்சுப் பாரு, சூட்டு வலின்னா அடங்கிடும். பிரசவ வலின்னா கூடும்' என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. இதைக் கேட்டால் இளம் மருத்துவர்கள் பலருக்குக் கோபம் வரும். ஆனால், அந்தக் கணக்கில் பாதி சரி. பொய்வலி என்பது தண்ணீர் குடித்து, சற்று நடந்தோ ஒருக்களித்துப் படுத்தோ இருந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். உண்மையான வலி இடைவெளி குறைந்து, வலுத்துக்கொண்டே போகும். மகப்பேறு மருத்துவமும் இதையேதான் சொல்கிறது.

மீதிப் பாதிதான் ஆபத்து. பனிக்குடம் உடைந்திருந்தால், உதிரம் பட்டிருந்தால், குழந்தையின் அசைவு குறைந்திருந்தால், முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தால் அந்தப் பெண்ணுக்குக் காத்திருக்க அவகாசமே கிடையாது. சீரகத்தால் கெடுதல் இல்லை. அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டே கழிக்கும் மணி நேரங்களால்தான் கெடுதல்.

பேறுகாலத்தில் நம் வீடுகள் கையாளும் மாற்று வைத்தியங்கள் எல்லாவற்றையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இஞ்சிச் சாறு, விளக்கெண்ணெய், யோகா, அக்குபஞ்சர், எண்ணெய்த் தேய்ப்பு, லேகியம், செந்தூரம், பத்தியம் என்று எல்லாவற்றையும் 'இயற்கை' என்ற ஒரே மூட்டையில் கட்டித் தலையில் தூக்கி வைக்கிறது ஒரு தரப்பு. அதே மூட்டையை 'மூடநம்பிக்கை' என்று சொல்லித் தெருவில் வீசுகிறது இன்னொரு தரப்பு. மூட்டையை அவிழ்த்துப் பார்க்க இருவருக்குமே பொறுமையில்லை.

பிரசவம் ஆஸ்பத்திரியில், வைத்தியம் வீட்டில்

தமிழ்நாட்டில் எங்கே பிள்ளை பெறுவது என்ற விவாதம் முடிந்துவிட்டது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) மாநிலத்தில் 99.6% பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்று கணக்கிடும் பேறுகால இறப்பு விகிதம் 2018-20 காலத்தில் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. கேரளத்தின் 19-ஐ எட்ட அப்போது நமக்குத் தூரம் இருந்தது. ஆனாலும், கிராம சுகாதாரச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த சொத்து இது.

இந்தச் சொத்தின் அருமை தெரியாமல் போனால் என்னவாகும் என்பதை 2018 ஜூலையில் திருப்பூரில் பார்த்தோம். யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவத்துக்கு முயன்ற இளம்பெண் ஒருவர் உதிரப்போக்கால் இறந்தார். அடுத்த சில நாட்களில், வீட்டிலேயே சுகப்பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாகக் கோவையில் விளம்பரம் செய்தவர் கைதானார். பிரசவத்துக்குப் பிறகான உதிரப்போக்கு ஆரோக்கியமான பெண்ணைக்கூட ஓரிரு மணி நேரத்தில் கொண்டுபோய்விடும். அதை நிறுத்த ஆக்ஸிடோசின் ஊசியும், ஏற்ற ரத்தமும், தேவைப்பட்டால் அறுவைசிகிச்சை அரங்கும் வேண்டும். இவை மூன்றும் எந்த வீட்டுச் சமையலறையிலும் இல்லை.

ஆனால், அந்த நிகழ்வு எழுப்பிய இன்னொரு கேள்விக்கு நாம் பதில் சொல்லவில்லை. படித்த, வேலைக்குப் போகிற, மருத்துவமனைக்கு அருகிலேயே வசிக்கிற குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏன் சாய்கின்றன?

முதல் காரணம் கத்தி மேல் உள்ள பயம். அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9% குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8%. இந்திய சராசரி 21.5%தான். சிசேரியன் உயிர் காக்கும் அறுவைசிகிச்சை என்பதில் சந்தேகமில்லை. மூன்றில் இரண்டு பங்குப் பெண்களுக்கு அது உயிர் காக்கத்தான் செய்யப்படுகிறதா என்பதில் சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகம் மக்களுக்கும் வந்துவிட்டது. 'ஸ்கேன்ல கொடி சுத்தியிருக்குன்னாங்க, தண்ணி குறைஞ்சிருக்குன்னாங்க, உடனே கிழிச்சுட்டாங்க' என்ற புலம்பல் இல்லாத தெரு இன்று இல்லை. சுகப்பிரசவ உத்தரவாதத்தோடு வருகிற எவருக்கும் இந்தப் பயம்தான் வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தருகிறது.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது: பேச ஆளில்லை. மசக்கையில் தண்ணீர்கூடத் தங்காத பெண்ணிடம் 'அப்படித்தான் இருக்கும்' என்கிறார் மருத்துவர். முதுகுவலி என்றால் 'வெயிட் கூடியிருக்கு' என்கிறார். வெளியே வரிசை நீள்கிறது. நாட்டு மருந்துக் கடைக்காரரோ உட்கார வைத்துக் கதை கேட்கிறார். பாதி வியாதி அங்கேயே குணமாகிவிடுகிறது.

சோதனையில் தேறியவை

மாற்று வழிகளில் சோதனைக்கு நின்று தேறியவை இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை காசில்லாதவை. அதனால்தானோ என்னவோ யாரும் விளம்பரம் செய்வதில்லை.

முதலிடம், கூட ஒரு ஆள் இருப்பதற்கு. வலி தொடங்கியது முதல் குழந்தை பிறக்கும் வரை அந்தப் பெண்ணை விட்டு அகலாமல் ஒருவர் துணையிருந்தால் என்னவாகும் என்று 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளை காக்ரேன் அமைப்பு 2017-ல் தொகுத்துப் பார்த்தது. துணை கிடைத்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரம் சுருங்கியது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. இப்படி ஒரு மாத்திரையைக் கண்டுபிடித்திருந்தால் அந்தக் கம்பெனியின் பங்கு விலை எங்கோ போயிருக்கும். இதை நம் ஊரில் மருத்துவச்சியும் பெண்ணின் தாயும் சம்பளம் வாங்காமல் செய்துகொண்டிருந்தார்கள்.

அடுத்தது, கை. இடுப்பின் பின்புறத்தை அழுத்தித் தேய்த்துவிட்டால் வலி குறைகிறது என்று பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் சொல்வார். இதற்கான விளக்கம் 1965-ல் கிடைத்தது. ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் தண்டுவடத்தில் ஒரு 'கதவு' இருப்பதாகச் சொன்னார்கள். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் நரம்புகள் வேலை செய்யும்போது, வலிச் செய்தி மூளைக்குப் போகும் வழி ஓரளவு அடைபடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018 பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், வலியைக் குறைக்க விரும்பும் பெண்களுக்கு மசாஜ், வெந்நீர் ஒத்தடம், மூச்சுப் பயிற்சி, மனத் தளர்வுப் பயிற்சி ஆகியவை இடம்பெற்றிருக்கின்றன. பெண் தனக்கு வசதியான நிலையில், நடந்தோ குந்தியோ சாய்ந்தோ பிரசவிக்கலாம் என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியில் வெதுவெதுப்பான ஈரத்துணி வைத்தால், ஆசனவாய் வரை கிழிகிற பெருங்காயங்கள் குறைகின்றன. ஒரு பாத்திரம் வெந்நீரும் சுத்தமான துணியும் போதும்.

மசக்கைக்கு இஞ்சி, வைட்டமின் பி6, அக்குபஞ்சர் ஆகியவற்றையும், இடுப்பு வலிக்கு உடற்பயிற்சி, இயன்முறை சிகிச்சை, வயிற்றுத் தாங்குபட்டை, அக்குபஞ்சர் ஆகியவற்றையும் அதே நிறுவனம் 2016 கர்ப்பகாலப் பரிந்துரைகளில் சேர்த்தது. இவற்றுக்கான சான்றுகள் அவ்வளவு வலுவானவை அல்ல. ஆனால், கேடு குறைவு, பெண் விரும்பினால் செய்துகொள்ளலாம் என்பதுதான் அங்கே கணக்கு. கர்ப்பகால யோகாவும் அப்படித்தான். பதற்றம் குறைகிறது, உடல் இளகுகிறது. அதற்கு மேல் 'யோகா செய்தால் சிசேரியனே வராது' என்று யாராவது பலகை மாட்டினால் அது வியாபாரம்.

இனி, நம் பிரசவ வார்டைப் பாருங்கள். வாசலில் ஒயர் கூடையும் பிளாஸ்க்குமாகத் தாய் உட்கார்ந்திருக்கிறார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்று எட்டிப் பார்க்கிறார். ஆயா 'தள்ளி நில்லும்மா' என்கிறார். உள்ளே மகள் இரும்புக் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறாள். கையில் டிரிப்ஸ், பக்கத்துக் கட்டிலில் முன்பின் தெரியாத ஒருத்தியின் அலறல், இடையிடையே 'கத்தாதே' என்ற அதட்டல். கூட ஒருவரை அனுமதிக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் அறிவுறுத்தியது. தமிழ்நாடு அதற்கு முன்பே அனுமதித்த மாநிலம். ஆனாலும், பணியில் இருப்பவரின் மனநிலையையும் அன்றைய கூட்டத்தையும் பொறுத்துத்தான் பல இடங்களில் கதவு திறக்கிறது. உலகமே ஆராய்ந்து ஒப்புக்கொண்ட மருந்தை வாசலில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே வலி மருந்துக்கு அலைகிறோம்.

விழுங்குபவை வேறு சங்கதி

துணையும் கையும் ஒத்தடமும் உடம்புக்கு வெளியே நிற்பவை. பிடிக்காவிட்டால் அந்தக் கணமே நிறுத்தலாம். வாய் வழியாக உள்ளே போவது வேறு சங்கதி. அது தாயோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் போகிறது. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்பது நம்மிடையே அதிகம் புழங்கும் வாக்கியம். ஒன்றும் செய்யாது என்றால் மருந்தென்று ஏன் சாப்பிடுகிறோம்? வேலை செய்யும் என்றால் கெடுதலும் செய்யக்கூடும் என்பதை ஏன் ஒப்புக்கொள்ள மறுக்கிறோம்?

அதிமதுரத்தை எடுத்துக்கொள்வோம். இருமலுக்கும் தொண்டைக் கமறலுக்கும் நம் வீடுகளில் எப்போதும் இருக்கும் வேர். மேற்குலகில் அதுவே லிக்கரிஸ் மிட்டாய். அந்த மிட்டாயை விரும்பித் தின்னும் ஃபின்லாந்தில், கர்ப்ப காலத்தில் அதிமதுரத்தின் இனிப்புச் சத்தான கிளிசிரைசினை அதிகம் உட்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, அந்தப் பிள்ளைகள் நுண்ணறிவுத் தேர்வுகளில் சராசரியாக 7 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். தாயின் கார்ட்டிசால் சுரப்பு பிள்ளையை அளவுக்கு மீறித் தாக்காமல் காக்கும் ஒரு நொதி நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கிளிசிரைசின் அதைத்தான் முடக்குகிறது. எப்போதாவது ஒரு துண்டு மென்றதற்குப் பயப்பட வேண்டாம். பத்து மாதமும் தினமும் கஷாயமாகக் குடிப்பது வேறு.

விளக்கெண்ணெய் இன்னும் முக்கியமானது. நாள் தள்ளிப்போனால் விளக்கெண்ணெய் கொடுத்து வலி வரவழைப்பது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பழைய எகிப்திலும் இருந்த வழக்கம். பேதியானால் குடல் முறுக்கும், அந்த முறுக்கில் கருப்பையும் சுருங்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலிக் அமிலம் கருப்பைத் தசையில் உள்ள ஏற்பிகளை நேரடியாகவே தூண்டுகிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2012-ல் எலிகளில் காட்டினார்கள். பாட்டிமார்கள் கண்டது பொய்யில்லை. அதனாலேயே அது ஆபத்தானது. சுருக்கத்தைத் தொடங்கி வைக்கும் அந்த எண்ணெய்க்கு அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. மருத்துவமனையில் ஆக்ஸிடோசினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது, சுருக்கம் மிகுந்தால் அப்போதே நிறுத்தத்தான். முன்பு சிசேரியன் ஆன கருப்பையில் பழைய தழும்பு இருக்கும். கட்டுக்கடங்காத சுருக்கத்தில் அந்தத் தழும்பு பிரிந்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போவார்கள். பாட்டியின் காலத்தில் ஊரில் தழும்புள்ள கருப்பை அரிது. இன்று இரண்டாம் பிள்ளைக்கு வருகிற பெண்களில் ஏராளமானோருக்கு அது இருக்கிறது. வைத்தியம் பழையதாகவே இருக்கிறது. உடம்பின் கதை மாறிவிட்டது.

உலோகம் கலந்த மருந்துகள் அடுத்த கவலை. இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளைச் சாப்பிட்ட 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2011-12-ல் கண்டறிந்தது. ஈயம் தாயின் எலும்பில் தங்கி, கருவின் மூளைக்குப் போகக்கூடியது. முறைப்படி சுத்தி செய்து முடித்த பற்பமும் செந்தூரமும் தீங்கு செய்யாது என்பது சித்த, ஆயுர்வேத மருத்துவர்களின் வாதம். இருக்கலாம். ஆனால், கடை அலமாரியில் லேபிள் மங்கிய டப்பாவில் இருப்பது முறைப்படி செய்ததுதானா என்று வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்து முடிவைப் புட்டியிலேயே ஒட்டினால் இந்தச் சர்ச்சை பாதி அடங்கும்.

குங்குமப்பூ சாப்பிட்டால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது மருந்தும் அல்ல, வைத்தியமும் அல்ல. நம் நிறவெறிக்குப் பாலில் கலந்து கொடுக்கும் விலையுயர்ந்த சாட்சி.

இரு பக்கத்துக்கும் ஒரே அளவுகோல்

இப்படிச் சொன்னவுடன், 'அலோபதி மட்டும் யோக்கியமா?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. தூக்கத்துக்கும் மசக்கைக்கும் தாலிடோமைடு மாத்திரை மேற்கு ஜெர்மனியில் 1957-ல் விற்பனைக்கு வந்தது. பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். 1961-ல் நிறுத்துவதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் கைகால் குறுகிப் பிறந்தார்கள். அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் கர்ப்பிணிகளுக்கான மருந்துகளைச் சோதிக்கும் விதிகள் பல நாடுகளில் இறுகின. நவீன மருத்துவம் தன் தவறுக்குக் கொடுத்த விலையில் கிடைத்த பாடம் அது. அந்தப் பாடம் சித்தத்துக்கும் ஹோமியோபதிக்கும் மட்டும் ஏன் பொருந்தாது?

நாட்டு மருந்து சோதனைக்கு நின்றால் அதன் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. எர்காட் அதற்கு நல்ல உதாரணம். கம்புப் பயிரைப் போல ஐரோப்பாவில் விளையும் ரை தானியக் கதிரில் பிடிக்கும் பூஞ்சை அது. அங்கே மருத்துவச்சிகள் வலியை விரைவுபடுத்த அதைக் கொடுத்துவந்தார்கள். 1808-ல் அமெரிக்க மருத்துவர் ஜான் ஸ்டியர்ன்ஸ் அதைப் பாராட்டி எழுதியதும் மருத்துவர்களும் கையில் எடுத்தார்கள். அளவு தெரியாமல் கொடுத்ததில் கருப்பை இறுகி, பிள்ளைகள் இறந்தே பிறந்தன. 1820-களில் டேவிட் ஹோசக் என்ற மருத்துவர் அதற்கு 'மரணப் பொடி' என்றே பெயர் வைத்தார். 1935-ல் லண்டனில் அந்தப் பூஞ்சையிலிருந்து எர்கோமெட்ரினைப் பிரித்தெடுத்தார்கள். அது பிரசவத்துக்கு முன்பு கொடுக்கவே கூடாதது என்றும், பிள்ளை பிறந்த பிறகு உதிரப்போக்கை நிறுத்தக் கைகொடுப்பது என்றும், ரத்த அழுத்தம் கூடியவர்களுக்கு ஆகாது என்றும் தெளிவானது. மருத்துவச்சியின் கைப்பொடி இன்று பிரசவ அறை மருந்துத் தட்டில் இருக்கிறது. வேளையையும் அளவையும் யாருக்கு ஆகாது என்பதையும் கண்டுபிடித்ததுதான் இடையில் நடந்த வேலை.

நம்மிடமும் அந்த வேலைக்கு இடம் காத்திருக்கிறது. தமிழ்நாடு அரசு கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் 11 சித்த மருந்துகள் கொண்ட 'மகப்பேறு சஞ்சீவி' பெட்டகத்தை வழங்கிவருகிறது. நோக்கம் நல்லது. அரசே தரும்போது தரம் தெரியாத கடைச் சரக்கைவிட அது மேல். ஆனால், அரசு முத்திரையோடு தரும் மருந்துக்கு அரசு முத்திரையோடு ஆய்வு முடிவும் வேண்டாமா? சித்த மருத்துவம் ரத்தசோகைக்குப் பயன்படுத்தும் அன்னபேதிச் செந்தூரத்தையே பார்ப்போம். அன்னபேதி என்பதே இரும்பின் உப்புதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று ஒரு பெண் அதை நிறுத்திவிட்டுச் செந்தூரத்தை எடுத்தால், அவள் உடம்பில் எவ்வளவு இரும்பு சேரும்? நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் பார்த்தால் தெரிந்துவிடும். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எழும்பூரில் 1844 முதல் அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. இரண்டும் ஒரே மின்சார ரயில் தடத்தில் இருக்கின்றன. இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு முறையான ஆய்வைத் தொடங்க எந்த மலையையும் புரட்ட வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3% பேருக்கு ரத்தசோகை என்கிறது குடும்பநல ஆய்வு. இந்தப் பின்னணியில், ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் உள்ள யோகா, இயற்கை மருத்துவ ஆய்வுக் குழுமத்தின் தாய்சேய் நலக் கையேடு 2017-ல் பேசப்பட்டதை நினைத்துப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் முட்டையையும் இறைச்சியையும் தவிர்க்கலாம் என்றது அந்தக் கையேடு. ஆட்டு ஈரலும் முட்டையும் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களின் தட்டிலிருந்தே அவற்றை எடுக்கச் சொல்லும் ஆலோசனைக்கு மருத்துவம் என்று பெயர் வைக்கக் கூடாது.

இயற்கை என்பது கொள்கையானால்

'இயற்கை' வெறும் வீட்டு நம்பிக்கையாக இருக்கும்போதைவிட, மருத்துவமனைக்குள்ளேயே கொள்கையாக உட்காரும்போது இன்னும் அதிகம் காவு கேட்கும். இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்டு மருத்துவமனைகளைப் பற்றி டோனா ஓக்கெண்டன் தலைமையிலான குழு 2022 மார்ச்சில் அறிக்கை தந்தது. முறையான பராமரிப்பு கிடைத்திருந்தால் 201 குழந்தைகளும் 9 தாய்மார்களும் பிழைத்திருக்கலாம் என்றது அது. குழு சுட்டிக்காட்டிய காரணங்களில் ஒன்று, சிசேரியனைக் குறைவாக வைத்திருப்பதில் அங்கிருந்த பெருமிதம். நம் பிரச்சினை இதற்கு நேரெதிர். ஆனால், பாடம் ஒன்றுதான். எண்ணிக்கையை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பெண்ணைப் பார்த்தால், அது 20 சதவீதமாக இருந்தாலும் 60 சதவீதமாக இருந்தாலும் பெண் பலியாகிறாள்.

பாட்டியின் கஷாயத்தைப் பார்த்துச் சிரிக்கும் தனியார் மருத்துவமனைகள் சில, ஜோதிடர் குறித்துக் கொடுத்த முகூர்த்தத்தில் சிசேரியன் செய்யத் தயங்குவதில்லை. ரோகிணி நட்சத்திரமும் லக்னமும் கூடிவரும் காலை 6.40-க்கு அறுவைசிகிச்சை அரங்கு தயாராகிறது. 39 வாரம் நிறையாமல் திட்டமிட்டு எடுக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் கூடுகிறது என்பது எந்த மகப்பேறு மருத்துவருக்கும் தெரியும். இதுவும் மாற்று வைத்தியம்தான். பில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது.

பிள்ளை பெற்ற பிறகு

பிரசவத்துக்குப் பிறகான நாட்களில் நம் மரபு கொடுத்தது மிகுதி. நாற்பது நாள் ஓய்வு, தாய் வீட்டுக் கவனிப்பு, பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, எண்ணெய் தேய்த்துக் குளியல் இவையெல்லாம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு என்பது சட்டமாவதற்கு வெகுகாலம் முன்பே பெண்ணுக்கு நம் சமூகம் எழுதிக் கொடுத்த உரிமைகள். அவற்றைக் காப்பாற்ற வேண்டும்.

கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ஒன்றை மட்டும் உதற வேண்டும். 'பச்ச உடம்பு, தண்ணி குடிச்சா வயிறு ஊதிடும்' என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பிரசவித்த பெண்ணின் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும் நிலையில் இருக்கும். உதிரப்போக்கைத் தடுக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அந்த நேரத்தில் நீரும் குறைந்தால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்து, தலைவலி, வலிப்பு, பக்கவாதம் வரை போகலாம். பால் சுரக்கவும் தண்ணீர் வேண்டும். மருந்துக்குப் பத்தியம் இருக்கலாம், தாகத்துக்குப் பத்தியம் கூடாது.

அரசால் முடிந்தவை

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கர்ப்பிணி ஒவ்வொரு முறை பரிசோதனைக்கு வரும்போதும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் என்று தாய்சேய் நல அட்டையில் கட்டங்கள் நிரம்புகின்றன. அதில் இன்னொரு கட்டம் வேண்டும்: 'வேறு என்ன மருந்து, கஷாயம், லேகியம் சாப்பிடுகிறீர்கள்?' அதட்டாமல் கேட்டால் பெண்கள் சொல்வார்கள். திட்டு விழும் என்பதால்தான் இப்போது மறைக்கிறார்கள். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோ அழுத்த மாத்திரையோ சாப்பிடுகிற பெண் என்ன கஷாயம் குடிக்கிறாள் என்பது தெரியாமல் சிகிச்சை தருவது இருட்டில் தேடுவதாகும். சித்த மருத்துவரும் அதே அட்டையில் எழுத வேண்டும்.

பிரசவத் துணை என்பது செவிலியரின் நல்லெண்ணத்தைச் சார்ந்த சலுகையாக இல்லாமல், அரசு, தனியார் இரண்டிலும் பெண்ணின் உரிமையாக வேண்டும். இடமில்லை என்ற பதில் பல வார்டுகளில் உண்மைதான். கட்டில்களுக்கு இடையே திரை போட்டுவிட்டால் அந்தப் பதிலுக்கு வேலை குறையும். துணைக்கு வரும் பெண்ணுக்கு இடுப்பைத் தேய்த்துவிடவும், மூச்சு விடச் சொல்லித்தரவும், நடக்க வைக்கவும் ஏழாம் மாதப் பரிசோதனையின்போதே அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தால், வார்டில் இருக்கும் ஓரிரு செவிலியரின் சுமையும் இறங்கும்.

பிரசவப் பராமரிப்புக்கென்றே 18 மாதப் பயிற்சி பெற்ற செவிலியர்களை உருவாக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. சிக்கலில்லாத பிரசவங்களை அவர்கள் பொறுப்பில் விட்டு, சிக்கல் வந்தால் மருத்துவர் வருவது என்ற ஏற்பாடு அது. சிசேரியன் விகிதம் இந்த அளவுக்கு ஏறிய மாநிலத்தில் அந்தப் பணியிடங்களைத் தயக்கமின்றி உருவாக்க வேண்டும். தனியார் மருத்துவமனைகள் தங்கள் சிசேரியன் விகிதத்தை வரவேற்பறையில் எழுதிப் போட வேண்டும். விலைப்பட்டியல் போடுவதைப் போலத்தான். இன்னொரு பக்கம், பொய்யான மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954 முதல் மத்தியச் சட்டம் இருக்கிறது. சுகப்பிரசவ உத்தரவாதம் தரும் காணொளிகள் மீதும் ஆண் குழந்தைக்கு மருந்து தருவோர் மீதும் நடவடிக்கை எடுக்க இன்னொரு சாவுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

குடும்பங்கள் மனதில் வைத்துக்கொள்ள மூன்று கேள்விகள் போதும். இது உடம்புக்கு வெளியே செய்வதா, உள்ளே போவதா? மருத்துவரிடம் சொல்லிவிட்டோமா? இதைச் செய்வதால் ஆஸ்பத்திரிக்குப் போவது ஒரு நிமிடமாவது தாமதமாகுமா? மூன்றாவதற்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால், முதல் இரண்டைக் கேட்கவே வேண்டாம், கிளம்பிவிட வேண்டும்.

பாட்டிக்குப் பிரசவ அறையில் இடமுண்டா என்றால், நிச்சயம் உண்டு. அவள் கைக்கும் பேச்சுக்கும் அங்கே வேலை இருக்கிறது. அதற்கு உலக ஆய்வுகள் சாட்சி. அவள் கொண்டுவரும் சொம்பில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை மருத்துவருக்கும் உண்டு. தன் மகளின் வயிற்றைக் கீறுவதற்கு என்ன காரணம் என்று திருப்பிக் கேட்கும் உரிமை அவளுக்கும் உண்டு. ஏறக்குறைய எல்லாப் பெண்களும் மருத்துவமனைக்கு வந்துவிட்ட மாநிலத்தில், இந்த இரண்டு கேள்விகளும் ஒரே அறையில் கேட்கப்படும்படி செய்வதுதான் சுகாதாரத் துறைக்கு மிச்சமிருக்கும் வேலை.